பல் சுகாதாரப் பணியாளரின் படிப்பு

1948-ஆம் ஆண்டில் இந்தியாவில் இயற்றப்பட்ட பல் வைத்தியர் சட்டம் மூன்று வகையினரைக் குறிப்பிட்டது. ஒருவர் பல் வைத்தியர். மற்றொருவர் செயற்கைப் பற்களைச் செய்து தரும் பல் மெக்கானிக். மூன்றாமவர், ஆஸ்பத்திரிகளில் ‘டென்டல் ஹைஜீனிஸ்ட்’ என்று அழைக்கப்படும் பல் சுகாதாரப் பணியாளர். இம்மூன்றாமவர் யார் என்பதைச் சட்டம் மிகச் சுருக்கமாகவே வரையறுத்தது. பல் வைத்தியரோ மருத்துவரோ அல்லாமல், பற்களில் படிந்த காரையைச் சுரண்டி எடுத்துத் துலக்கி மெருகிடுபவர், அல்லது பல் சுகாதாரத்தைப் பிறருக்குப் போதிப்பவர் என்பதே அவ்வரையறையின் சாரம். அதன் முற்பகுதி கையின் வேலை. பிற்பகுதி ஆசிரியரின் வேலை. இவ்விரண்டையும் ஒருவரிடமே சேர்த்து வளர்ப்பதுதான் இப்படிப்பின் நோக்கம்; அதன் கஷ்டமும் அதுவே.

அதே 1948-ஆம் ஆண்டில் ஜப்பானும் பல் சுகாதாரப் பணியாளருக்கெனத் தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. அங்கே இன்று பணியிலுள்ள பல் சுகாதாரப் பணியாளரின் தொகை ஓர் இலட்சத்திற்கு மேற்பட்டது. படிப்புக் காலமும் படிப்படியாக உயர்ந்து குறைந்தது மூன்று ஆண்டுகளாகியிருக்கிறது. சில பல்கலைக்கழகங்கள் நான்காண்டுப் பட்டமாகவும் அதை அளிக்கின்றன. இந்தியாவிலோ பல் வைத்தியக் கல்லூரிகள் 300-க்கு மேல் பெருகின. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பல் வைத்தியர்கள் பட்டம் பெற்று வெளிவருகின்றனர். பல் சுகாதாரப் பணியாளரின் பதிவேடு மட்டும் மெலிந்தே இருந்து வந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டில் பழைய சட்டத்திற்குப் பதிலாகத் தேசியப் பல் வைத்திய ஆணையச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் மாறினும் கேள்வி மாறவில்லை. ஒரே ஆண்டில் இரு நாடுகள் ஊன்றிய விதை ஓரிடத்தில் மரமாகவும் மற்றோரிடத்தில் நாற்றாகவும் நிற்பது ஏன்? இப்படிப்பில் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இக்கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும்.

படிப்பு தோன்றிய வரலாறு

பல்லைப் பிடுங்குவதும் அடைப்பதுமே பல் வைத்தியம் என்று கருதப்பட்டிருந்த காலத்தில், அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்பிரட் போன்ஸ் என்ற பல் வைத்தியர் தொழில் நடத்திவந்தார். சொத்தை விழுந்த பல்லை அடைப்பதைவிடச் சொத்தை விழாமல் காப்பதே மேல் என்பது அவருடைய கொள்கை. ஆனால் அதற்குப் பல் வைத்தியரின் நேரம் போதாது. ஆகவே 1906-ஆம் ஆண்டில் தம் உதவியாளராக இருந்த ஐரீன் நியூமன் என்ற பெண்மணிக்குப் பல் துலக்கும் வேலையை அவர் கற்பித்தார். 1913-இல் தம்முடைய வண்டிக் கொட்டகையையே பள்ளிக்கூடமாக்கி முதல் வகுப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் 27 பெண்கள் தேர்ச்சி பெற்றனர். அவர்களுட் பலர் சென்று சேர்ந்த இடம் தனியார் வைத்திய சாலையன்று. பிரிட்ஜ்போர்ட் நகரத்துப் பள்ளிக்கூடங்களே. குழந்தைகளின் பற்களைத் துலக்குவதும், துலக்கும் முறையைக் கற்பிப்பதும், பெற்றோருக்குக் கடிதம் அனுப்புவதும் அவர்களுடைய பணிகள். 1917-இல் நியூமன் உரிமம் பெற்ற முதல் பல் சுகாதாரப் பணியாளரானார். போன்ஸ் தொடங்கிய பள்ளி 1949-இல் பிரிட்ஜ்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாயிற்று. கொட்டகையில் பிறந்த பயிற்சி பல்கலைக்கழகப் படிப்பானது இவ்விதமே.

இதற்கிடையில் நியூஜீலந்து வேறொரு வழியை மேற்கொண்டது. 1921-இல் வெல்லிங்டனில் பள்ளிப் பல் தாதியருக்குப் பயிற்சி தொடங்கிற்று. அவர்கள் துலக்குவதோடு நில்லாமல், குழந்தைகளின் சொத்தைப் பற்களை அடைக்கவும் பிடுங்கவும் அதிகாரம் பெற்றனர். இந்தியச் சட்டம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. ஆயினும் இவ்விரு நாடுகளிலும் இத்தொழில் பள்ளிக்கூடத்தின் வாசலிலேயே வேர்விட்டது என்பது கவனிக்கத்தக்கது.

கையின் கல்வி

இந்தியாவில் இப்படிப்பு பெரும்பாலும் பல் வைத்தியக் கல்லூரிகளோடு இணைந்த இரண்டாண்டு டிப்ளமாவாகும். விஞ்ஞானப் பாடங்களுடன் மேல்நிலைப் பள்ளியை முடித்தவர்கள் சேரலாம். உடற்கூறு, உடலியல், கிருமியியல், மருந்தியல், உணவியல் ஆகியவற்றின் அடிப்படைகள் முதலில் வரும். இருபது பாற்பற்கள், முப்பத்திரண்டு நிலைப்பற்கள், அவை முளைக்கும் வயது, ஒவ்வொன்றின் வேர் எண்ணிக்கை என்பனவெல்லாம் மனப்பாடமாக வேண்டியவை. மனப்பாடம் என்று இகழ வேண்டியதில்லை. ஆறாம் வயதில் கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னே ஓசையின்றி முளைக்கும் முதல் கடைவாய்ப் பல்லைப் பாற்பல் என்றெண்ணி, ‘விழுந்து மறுபடி முளைக்கும்’ என்று விட்டுவிடும் பெற்றோர் ஏராளம். அப்பல் மறுபடி முளைப்பதில்லை. இவ்வொரு செய்தியை அறிந்த ஆசிரியர் ஒருவர் முதல் வகுப்பில் இருந்தால், பல குழந்தைகளின் கடைவாய்ப் பற்கள் பிழைக்கும்.

படிப்பின் உண்மையான சோதனை கருவியைக் கையில் எடுக்கும்போது தொடங்குகிறது. மாணவர் முதலில் நோயாளியைத் தொடுவதில்லை. செயற்கைப் பற்கள் பொருத்திய பொம்மைத் தலையில்தான் பல மாதப் பயிற்சி. இடக்கையில் சிறு கண்ணாடி, வலக்கையில் ஸ்கேலர் எனப்படும் சுரண்டு கருவி. கண்ணாடியில் முன்பின் மாறித் தெரியும் பல்லைப் பார்த்துக்கொண்டு நேர்த்திசையில் கையை நகர்த்தப் பழகுவதற்கே சில வாரங்கள் ஆகும். கருவியைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்து, மோதிர விரலைப் பக்கத்துப் பல்லின்மேல் ஊன்ற வேண்டும். ஊன்றாத கை வழுக்கும். வழுக்கிய கருவி ஈற்றைக் கிழிக்கும்.

அடுத்தது கோணம். கருவியின் அலகு ஏறக்குறையப் பல்லோடு ஒட்டினாற்போல் ஈற்றின் அடியில் நுழைய வேண்டும். நுழைந்தபின், சுரண்டும்போது அலகின் முகத்திற்கும் பல்லுக்கும் இடையிலுள்ள கோணம் 45 பாகைக்கு மேலும் 90 பாகைக்குக் கீழும் இருக்க வேண்டும். 45-க்குக் குறைந்தால் அலகு காரையை வெட்டாமல் அதன்மேல் வழுக்கிச் சென்று அதை மழமழப்பாக்கிவிடும். மேலுக்குச் சுத்தமானதுபோல் தோன்றும். அடியில் காரை அப்படியே இருக்கும். 90-ஐத் தாண்டினால் அலகின் மறுமுனை ஈற்றுச் சதையை வெட்டும். கண்ணுக்குப் புலப்படாத இடத்தில், விரல் நுனியின் உணர்ச்சி ஒன்றையே துணையாகக் கொண்டு இக்கோணத்தைக் காக்க வேண்டும். புத்தகத்தில் ஒரு வரியாக உள்ள இது கைக்கு வர ஓராண்டு பிடித்தால் அதில் வியப்பில்லை. அதிர்வினால் காரையை உடைக்கும் அல்ட்ராசானிக் கருவிகள் வந்தபின்னும் இப்பயிற்சிக்கு மாற்று ஏற்படவில்லை.

ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே இயற்கையாகவே ஒரு சிறு இடுக்கு உண்டு. ஆரோக்கியமான ஈற்றில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். அதை அளக்க உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த அளவுகோல் ஒன்றுண்டு. அதன் நுனியில் அரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிறு உருண்டையும், 3.5 முதல் 5.5 மில்லிமீட்டர் வரை கறுப்புப் பட்டையும் இருக்கும். இடுக்கினுள் மெதுவாக இறக்கும்போது பட்டை முழுதும் வெளியே தெரிந்தால் அச்சமில்லை. பட்டை மறையத் தொடங்கினால், பாமரர் பயோரியா என்று சொல்லும் நோய் எலும்பை அரிக்கத் தொடங்கியிருக்கக் கூடும். பல் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். எங்கே தன் வேலை முடிந்து வைத்தியரின் வேலை தொடங்குகிறது என்று அறிவதும் படிப்பின் ஒரு பகுதியே.

‘பல்லைச் சுரண்டினால் பல் ஆடிப்போகும்’ என்ற நம்பிக்கை நாடெங்கும் உண்டு. இதை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாகாது. கண்டதைக் கொண்டே மக்கள் சொல்கிறார்கள். பல ஆண்டுகளாகச் சேர்ந்த காரை, எலும்பை இழந்த பற்களுக்கிடையே ஆப்புப்போல் இறுகி அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்தவுடன் முன்பே ஏற்பட்டிருந்த ஆட்டம் வெளிப்படுகிறது. வீங்கிய ஈறு வற்றுவதால் பற்களுக்கிடையே இடைவெளியும் தோன்றுகிறது. பல்லை ஆட்டியது கருவியன்று, காரை. இதை நோயாளிக்குச் சுரண்டுவதற்கு முன்பே விளக்க வேண்டும். பின்னர் விளக்கினால் அது சாக்காகவே படும்.

ஆர்ஹுஸ் நகரத்துப் பரிசோதனை

பல் துலக்காவிட்டால் ஈறு கெடும் என்பது நெடுநாள் அனுமானமாகவே இருந்தது. டென்மார்க்கிலுள்ள ஆர்ஹுஸ் நகரில் ஹரால்டு லோ என்பவரும் அவர் சகாக்களும் அதை நிரூபித்து 1965-இல் வெளியிட்டனர். ஆரோக்கியமான ஈறுகளையுடைய 12 பேர் பல் துலக்குவதை அடியோடு நிறுத்திக்கொண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பல் வைத்திய மாணவர்களே. பற்களின்மேல் கிருமிப் படலம் படர்ந்தது. 10 முதல் 21 நாட்களுக்குள் ஒருவர் பாக்கியின்றி அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. பின்னர் முறையாகத் துலக்கத் தொடங்கியதும் சில நாட்களில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின.

இப்பரிசோதனை இத்தொழிலின் அஸ்திவாரம் எனலாம். இதிலிருந்து இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. ஆரம்ப நிலையிலுள்ள ஈறு நோய் மருந்தின்றியே திரும்பக் கூடியது. ஆனால் நாள்தோறும் அந்தப் படலத்தை அகற்றுபவர் நோயாளியேயன்றி வேறு யாருமல்லர். ஆறு மாதத்திற்கொருமுறை சுரண்டி எடுத்தாலும் வீட்டில் துலக்காதவரின் ஈறு மூன்று வாரத்தில் மறுபடி கெடும். ஆகவே கையின் வேலை எத்துணைத் திறமையாயினும், போதனை இல்லாவிடில் அது வீணே.

சொத்தையின் கதை சற்று வேறு. கிருமிப் படலம் சர்க்கரையை அமிலமாக்குகிறது. இனிப்பு உண்ட சில நிமிஷங்களில் பல்லின்மேலுள்ள அமில நிலை எனாமல் கரையும் எல்லையான பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கி, மீள்வதற்கு அரைமணிக்கு மேலாகிறது என்பதை ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1940-களில் காட்டினார். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதே முக்கியம் என்பது இதனால் விளங்கும். உணவுக்குப் பின் ஒரே தடவையாக உண்ட இனிப்பைவிட, பள்ளி வாசலில் வாங்கி நாள் முழுதும் வாயில் அடக்கிவைக்கும் மிட்டாயே பொல்லாதது.

இந்திய வாயில் காண்பவை

அயல்நாட்டுப் பாடபுத்தகங்களில் சில வரிகளே பெறும் விஷயங்கள் இங்கே தினசரி அனுபவமாகும். அவற்றுள் முதலாவது ஃபுளோரைடு. பல் சொத்தையைத் தடுக்கச் சிறிதளவு உதவும் இப்பொருள், குடிநீரில் மிகுந்தால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் எலும்பைப் பாதித்திருப்பதை ஷார்ட் என்பவரும் அவரோடு பணிபுரிந்தவர்களும் 1937-இல் வெளியிட்டனர். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு. வேறு நீர் கிடைக்காதவிடத்து 1.5 வரை அனுமதி உண்டு.

இதில் மாணவர் செய்யக்கூடிய தவறொன்றுண்டு. ஃபுளோரைடு மிகுந்த ஊரில் வளர்ந்த குழந்தையின் முன்பற்களில் சுண்ணாம்பு வெண்மையான திட்டுகளும் குறுக்குவாட்டமான பழுப்புப் பட்டைகளும் இருக்கும். அதைத் தேநீர்க் கறை, வெற்றிலைக் கறை என்றெண்ணிச் சுரண்டினால் எனாமல் தேயுமேயன்றிக் கறை போகாது. அது பல்லின்மேல் படிந்ததன்று; பல் உருவாகும்போதே உள்ளே அமைந்தது. ஒரே ஊரில், ஒரே கிணற்று நீரைக் குடிக்கும் பல குழந்தைகளிடம் இடவலம் ஒத்த பற்களில் இக்கறை காணப்பட்டால், சோதிக்க வேண்டியது பல்லையல்ல, கிணற்றை. இதை முதலில் காணக்கூடியவர் வகுப்பாசிரியரே.

இரண்டாவது, பல் துலக்கும் பொருள். வேப்பங்குச்சியும் கருவேலங்குச்சியும் நன்றாக மென்று தூரிகையாக்கி மெதுவாகத் தேய்த்தால் கெடுதல் இல்லை. செங்கற்பொடியும் கரித்தூளும் எனாமலை அராவுகின்றன. இவற்றினும் கொடியது புகையிலை. மகாராஷ்டிரத்தில் வறுத்துப் பொடித்த புகையிலையான மிஷ்ரியையும், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய பகுதிகளில் குடாக்குவையும் பல்லில் தேய்க்கும் வழக்கம், குறிப்பாகப் பெண்களிடையே, உண்டு. பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசாங்கம் 1992-இல் தடை செய்தது. பழக்கமோ தடைக்குப் பின்னும் தொடர்கிறது.

மூன்றாவது, பாக்கு. இதனால் கன்னத்தின் உட்சதை வெளுத்து, நார்போல் இறுகி, வாய் திறப்பது நாளடைவில் குறுகும். ஷ்வார்ட்ஸ் என்பவர் 1952-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு விவரித்தார். அடுத்த ஆண்டில் பம்பாயில் ஜோஷி என்பவரும் விவரித்தார். இது புற்றுநோய்க்கு முன்னோடியாகக் கூடியது. பல் சுகாதாரப் பணியாளர் ஒவ்வொரு வாயையும் நல்ல வெளிச்சத்தில் அரைமணி நேரம் பார்ப்பவர்; ஆதலால் காரம் பட்டால் எரிகிறதென்னும் கன்னத்தையும், ஆறாத புண்ணையும், வெள்ளைத் திட்டையும் மற்றெவரினும் முன்பாகக் காணும் வாய்ப்பு அவருக்கே உண்டு. பல்லை மட்டும் பார்க்கப் பழகிய கண் இவ்வேலைக்குப் போதாது.

வேலை எங்கே?

1948-இல் வகுத்த தொழில் வளராமைக்குக் காரணங்கள் பல. பட்டம் பெற்ற பல் வைத்தியர் மிகுந்திருப்பதால், காரை எடுக்கும் வேலையை அவர்களே செய்துகொள்கின்றனர். தனியார் வைத்திய சாலைகளில் பயிற்சியில்லா உதவியாளரை வைத்துக்கொள்வது மலிவு. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பள்ளிகளிலும் இவர்களுக்கெனப் பதவிகள் அரிது. பதவி இல்லாத படிப்பிற்கு மாணவர் வருவதில்லை. மாணவர் இல்லாத தொழிலுக்குப் பதவி தோன்றுவதுமில்லை. பல் வைத்தியர்கள் நகரங்களில் குவிந்திருக்க, கிராமத்துப் பள்ளியில் குழந்தையின் வாயைத் திறந்து பார்ப்பவர் எவருமில்லை. பிரிட்ஜ்போர்ட்டிலும் வெல்லிங்டனிலும் தொழிலை வளர்த்தது பள்ளிக்கூடம். இங்கே அதை வைத்திய சாலைக்குள் வைத்துவிட்டனர். குறை அங்கேதான் என்று கருத இடமுண்டு.

தேவை இல்லையென்று சொல்வதற்கில்லை. இந்தியப் பல் வைத்தியக் கவுன்சில் 2002-03-இல் நடத்திய தேசிய ஆய்வின்படி 12 வயதுக் குழந்தைகளில் 53.8 சதவீதத்தினருக்குப் பற்சொத்தையும், 57 சதவீதத்தினருக்கு ஈறு நோயும் இருந்தன. 2014-இல் தொடங்கிய தேசிய வாய்ச் சுகாதாரத் திட்டம் மாவட்ட ஆஸ்பத்திரி முதல் ஆரம்ப சுகாதார நிலையம் வரை பல் சிகிச்சை வசதியைக் கொண்டுசெல்ல முற்பட்டிருக்கிறது. மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள், விஞ்ஞானம் பயின்று, கைத்திறனும் பேச்சுத்திறனும் வாய்ந்த மாணவ மாணவியருக்கு இப்படிப்பு இருப்பதைத் தெரிவிக்கலாம். அதே சமயம் வேலை நிலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆறு பற்களின் கணக்கு

பணியாளர் வரும்வரை போதனைப் பகுதியையேனும் பள்ளி ஏற்கலாம். படிப்பில் கற்பிக்கப்படும் முறையொன்று இதற்கு உதவும். கிரீன், வெர்மில்லியன் என்ற இருவர் 1964-இல் வகுத்த எளிய வாய்ச் சுகாதாரக் குறியீடு இது. வாயின் எல்லாப் பற்களையும் பாராமல் ஆறு பற்களின் ஒவ்வொரு பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். மேல் தாடையில் இரு புறத்து முதல் கடைவாய்ப் பற்களின் கன்னப்புறம், கீழ்த் தாடையில் அவற்றின் நாக்குப்புறம், மேலே வலது நடு முன்பல்லின் உதட்டுப்புறம், கீழே இடது நடு முன்பல்லின் உதட்டுப்புறம். அழுக்குப் படலம் இல்லையெனில் 0. பல்லின் மூன்றிலொரு பாகம்வரை 1. மூன்றில் இரு பாகம்வரை 2. அதற்கு மேல் 3. ஆறையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும். 0.6 வரை நன்று, 0.7 முதல் 1.8 வரை நடுத்தரம். அதற்கு மேல் மோசம். காரைக்கும் இவ்வாறே தனி எண் உண்டு. அதைப் பயிற்சி பெற்றவர்க்கே விட்டுவிடலாம்.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு 2, 1, 2, 1, 3, 2 என்று எண்கள் வந்ததாகக் கொள்வோம். கூட்டல் 11, சராசரி 1.8, நடுத்தரம். ஆனால் சராசரியோடு நின்றுவிடலாகாது. கீழ் இடது கடைவாய்ப் பல்லின் நாக்குப்புறத்தில் 3 இருக்கிறது. முன்பற்கள் இரண்டும் 1 பெற்றிருப்பதால் அவன் துலக்காதவனல்லன். கண்ணாடியில் தெரியும் இடத்தை மட்டும் துலக்குபவன். அவனுக்கு ‘பல் துலக்கு’ என்று உபதேசித்துப் பயனில்லை. பிரஷ்ஷை எங்கே, எந்தச் சாய்வில் வைப்பது என்று அவன் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும்.

இச்சோதனையைச் சூரிய வெளிச்சத்தில், ஒரு குழந்தைக்கு ஒன்றாகத் தனித்தனி மரப்பட்டையால் கன்னத்தையும் நாக்கையும் ஒதுக்கிச் செய்யலாம். நாக்குப்புறத்தை நேராகக் காண முடியாதவிடத்துச் சிறு கண்ணாடி தேவைப்படும். அதைச் சுகாதார ஊழியரே உபயோகிக்கட்டும். அதுவும் ஆஸ்பத்திரியில் 121 டிகிரி வெப்பத்தில் அழுத்த நீராவியில் சுத்தி செய்யப்பட்டு, ஒரு குழந்தைக்கு ஒன்றாக இருத்தல் வேண்டும். வெந்நீரில் நனைத்துத் துடைத்து அடுத்த குழந்தையின் வாயில் வைப்பது கூடவே கூடாது. எண்களைக் குழந்தையின் பெயரோடு நோட்டில் குறித்து, பிறர் காணாதவாறு வைத்திருக்க வேண்டும். ஆறு வாரங்களுக்குப் பின் அதே ஆறு பற்களை, அதே ஊழியர், அதே வேளையில் பார்த்து எண்ணை ஒப்பிடலாம். அந்த நாளை முன்கூட்டி அறிவித்தல் ஆகாது. அறிவித்தால் அன்று காலையில் மட்டும் எல்லோருடைய பற்களும் பளிச்சென்றிருக்கும்.